மெஷினுக்குப் பதிவு இருக்கு, ஏறுறவருக்கு?

இந்த மாதிரி ஒரு வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீங்க. எந்தத் தோட்டம் என்று எழுதியிருக்காது. ஆனால் பின்னால் தெரிகிற தேயிலை மலையும் தகரக் கூரை லயமும் நமக்குப் பழக்கமானவைதான். ஐம்பது அறுபது அடி உயரத்துக்கு ஒரு கருப்பந்தைல மரம். அதன் உச்சியில் ஒருத்தர், காலில் செருப்புகூட இல்லை. ஒரு கையால் தண்டை அணைத்துக்கொண்டு மறுகையால் மெஷின் வாளைப் பிடித்திருக்கிறார். நுனி முறிந்து விழுந்ததும் மிச்ச மரம் முன்னும் பின்னும் ஆடுது, அவரும் அதோட சேர்ந்து ஆடுறார். பின்னணியில் ஒரு மாஸ் பாட்டு. கீழே கமெண்ட்: 'வேற லெவல்', 'சிங்கம்', 'பயம்னா என்னான்னு தெரியாத மனுசன்'.

அந்தக் கடைசி கமெண்ட்தான் எங்களுக்கு உறுத்துது. அவருக்குப் பயம் இல்லை என்று யார் சொன்னது? இடுப்பில் பெல்ட் இல்லை, தலையில் ஹெல்மட் இல்லை, கீழே கயிறு பிடிக்க ஒழுங்கான ஆள் இல்லை. இதையெல்லாம் பார்த்துவிட்டு அதற்குத் 'தில்' என்று பேர் வைத்து ஒரு ஹார்ட்டும் போட்டுவிட்டு நாம் அடுத்த வீடியோவுக்குப் போய்விடுகிறோம்.

ஊவா தோட்டப்புறத்தில் பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுல, ஹாலிஎல, ஹப்புத்தளை என்று எந்தப் பக்கம் போனாலும் இப்படி ரெண்டு மூணு பேர் இருப்பாங்க. லயத்துக் கூரைக்கு மேல சாய்ந்த கொப்பை இறக்கணுமா, மின்சார லைனில் உரசுகிற மரத்தைக் கழிக்கணுமா, கோயிலடி மரம் பட்டுப்போச்சா, அவங்களைத்தான் தேடிப்போவோம். யார் என்று கேட்டால் தோட்டத்துச் சின்னப் பிள்ளையும் வீட்டைக் காட்டும். ஆனால் தோட்டத்து ஆபீஸ் புத்தகத்தில் அது ஒரு தனித்தொழிலாக இருக்காது. மரத்தில் ஏறிய நாளும் வேலி கட்டிய நாளும் கான் வெட்டிய நாளும் 'சில்லறை வேலை' என்ற ஒரே தலைப்புக்குள் போய்விடும்.

தேயிலைத் தோட்டம் என்றால் தேயிலைச் செடி மட்டும்தான் என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். படங்களும் அப்படித்தான் வருது: பச்சைப் படிக்கட்டு, கூடை, கொழுந்து எடுக்கும் அக்கா. அந்தப் படத்தில் நடுநடுவே நிற்கிற மரங்களை யாரும் கவனிப்பதில்லை. அவை தானாக முளைத்த காட்டு மரங்கள் இல்லை, நிழலுக்கும் காற்றுத் தடுப்புக்கும் நட்டவை. சவுக்கு என்று நாம் சொல்வது ஆஸ்திரேலியாவிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் வந்த கிரெவில்லியா. (தமிழ்நாட்டு வாசகர்கள் கடற்கரைச் சவுக்கோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், உங்கள் ஊட்டிப் பக்கம் இதுக்கு சில்வர் ஓக் என்று பேர்.) அதற்குக் கீழே முள்முருங்கை. சில மலைகளில் அல்பீசியா. ஓரங்களிலும் உச்சிகளிலும் கருப்பந்தைலம், அதாவது யூகலிப்டஸ். தேயிலை பெக்டரியில் கொழுந்தைக் காய வைக்கிற அடுப்புக்கு விறகு வேண்டும். ஒரு கிலோ தேயிலை செய்ய ஒரு கிலோவுக்கு மேலேயே விறகு போகும். பெரிய கொழும்பு ஹோட்டலில் குடிக்கிற ஊவா தேநீரிலும் யாரோ ஒருத்தர் மரமேறி இறக்கிய கட்டை எரிந்திருக்கிறது.

நிழல் மரத்தை நட்டுவிட்டு அப்படியே விடவும் முடியாது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை நம்ம பக்கம் கச்சான் காற்று. இந்த வறண்ட காற்றுதான் ஊவாத் தேயிலைக்கு அந்தப் பேர்போன மணத்தைக் கொடுக்குது என்று தேயிலை வியாபாரிகள் கொண்டாடுவார்கள். லயத்தில் இருக்கிற நமக்கு அது தகரம் பறக்கிற காற்று, கொப்பு முறிகிற காற்று. அது ஓய்ந்த கையோடு ஒக்டோபரில் மழை தொடங்கிவிடும், பின்னாடியே வடகீழ்ப் பருவக்காற்று. மழைக்காலத்தில் நிழல் அடர்த்தியாக இருந்தால் கொழுந்து ஈரம் காயாமல் கிடக்கும், கொப்புள நோய் பிடிக்கும். 1946இல் இந்த நோய் இலங்கைக்கு வந்ததிலிருந்து மழைக்கு முன் நிழலைக் கழிப்பது ஒரு கட்டாயம் மாதிரி. ஆக, கச்சானுக்கும் மழைக்கும் இடையில் கிடைக்கிற கொஞ்ச நாளில் மலை மலையாக ஏறி முடிக்கணும். அவசரம் என்பது இந்த வேலைக்குள்ளேயே இருக்கு.

அந்தக் கொஞ்ச நாளிலும் ஒரு நாளைக்குக் கிடைக்கிற நேரம் அதைவிடக் கொஞ்சம். காலையில் பனி காய்ந்து பட்டை உலரணும். ஈரப் பட்டையில், அதுவும் வழுவழு என்று இருக்கிற கருப்பந்தைலத்தில், கால் நிக்காது. மத்தியானம் தாண்டினால் மேகம் கறுத்துவிடும். இடையில் இருக்கிற நாலைந்து மணித்தியாலத்துக்குள் எல்லாம். முதலில் மரத்தைச் சுற்றி வருவார்கள். எந்தப் பக்கம் பாரம், எந்தக் கொப்பு காய்ந்தது, அடியில் பொந்து விழுந்திருக்கா, காளான் பிடித்திருக்கா என்று பார்ப்பார்கள். கத்தியின் பின்பக்கத்தால் தட்டி உள்ளே கூடா என்று சத்தத்திலேயே கண்டுபிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். பல்கலைக்கழகத்தில் இதைப் படித்தவருக்கு ஆங்கிலத்தில் ஒரு பட்டம் இருக்கும். இவங்களுக்கு 'நல்லா மரம் வெட்டுவான்' என்ற பேச்சோட சரி.

ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு குணம். சவுக்குக் கொப்பு பார்க்க உறுதி, ஆனால் பாரம் வைத்தால் மடக்கென்று போகும். அல்பீசியா அதைவிட மோசம். முள்முருங்கையில் முள், அதோட கட்டையும் பஞ்சு மாதிரி. கருப்பந்தைலம் காற்றே இல்லாத நாளில்கூட ஒரு பெரிய கொப்பைச் சும்மா கழற்றிப் போடும். ஏறுகிறவர் இதெல்லாம் தெரிந்துதான் எந்த இடத்தில் கால் வைப்பது என்று முடிவு பண்ணுகிறார்.

வெட்டுவதிலும் ஒரு கணக்கு உண்டு. கொப்பை மேலிருந்து மட்டும் வெட்டினால் பாதியில் அது தொங்கி, தண்டுப் பட்டையையும் உரித்துக்கொண்டு ஏறினவர் மேலேயே வரும். அதனால் முதலில் அடியில் ஒரு சின்ன வெட்டு, பிறகு மேலே. கீழே லயமோ தேயிலையோ இருந்தால் கொப்பைக் கயிற்றில் கட்டி, இன்னொரு கொப்பில் சுற்றி, கீழே நிற்கிறவர் மெல்ல மெல்ல விடணும். கயிறு பிடிக்கிறவர் ஒரு நொடி கவனம் பிசகினால் மேலே இருக்கிறவரின் கதை அவ்வளவுதான். அடிமரத்தைச் சாய்க்கும்போது விழ வேண்டிய பக்கம் வாய் மாதிரி ஒரு வெட்டுப் போட்டு, மறுபக்கத்திலிருந்து அறுத்து, நடுவில் கொஞ்சம் அறுக்காமல் விடுவார்கள். அந்த அறுக்காத பட்டைதான் கதவுக் கீல் மாதிரி மரத்தைத் திருப்பி விழுத்தும். இதை எந்த வகுப்பிலும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மாமாவோ சித்தப்பாவோ வெட்டும்போது கயிறு பிடித்துப் பழகியது. அந்த மாமா ஏன் இப்போது ஏறுவதில்லை என்று விசாரித்தால், வயசாச்சு என்ற பதில் எல்லா வீட்டிலும் கிடைக்காது. இடுப்பு போச்சு, கை போச்சு என்பார்கள்.

குளவியைச் சொல்லாமல் விட முடியாது. 'குளவி கொட்டித் தொழிலாளர்கள் வைத்தியசாலையில்' என்ற செய்தி நமக்குக் காலநிலை அறிக்கை மாதிரிப் பழகிவிட்டது. அதில் பாதி குளவியே இல்லை, உயர்ந்த மரங்களில் பெரிய அடை கட்டுகிற மலைத்தேனீ. கீழே கொழுந்து எடுக்கிறவங்க ஓடலாம். மேலே ஐம்பது அடியில் இருக்கிறவர் எங்கே ஓடுவார்?

இனி காசு. தோட்டத்தில் பேர் உள்ள தொழிலாளிக்கு 2024 செப்டெம்பர் வர்த்தமானியில் நாட்சம்பளம் 1,350 ரூபா என்று வந்தது. அதற்காக எத்தனை வருஷம் போராடினோம் என்பது வேறு கதை. மரமேறுகிறவர்களில் பலர் இந்தக் கணக்குக்குள்ளேயே வருவதில்லை. மரம் வெட்டுகிற வேலை கொந்தராத்தில் போகும். கொந்தராத்துக்காரர் இன்னொருத்தரிடம் விடுவார், அவர் 'தம்பி, மரத்துக்கு இவ்வளவு' என்று பேசிக் கூட்டிப்போவார். கைக்காசு. அன்றைக்கு மழை வந்து ஏற முடியவில்லை என்றால் அதுவும் இல்லை. லயத்துப் பக்கத்து மரம் என்றால் பக்கத்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து கொடுக்கிற காசும் கொஞ்சம் விறகும். பேர் விழாத நாளுக்கு சேமலாப நிதி கிடையாது. நம்பிக்கை நிதியும் கிடையாது, அதில் உறுப்பினருக்கு இருக்கிற மரணக் காப்புறுதியும் நிரந்தர அங்கவீனத்துக்கான உதவியும் சேர்ந்து போச்சு. மாதச் சம்பளத்தோடு கதிரையில் உட்கார்ந்திருக்கிற எங்களில் சிலருக்கு இந்தக் காப்புறுதி இருக்கு. ஐம்பது அடியில் நிற்கிறவருக்கு இல்லை.

விழுந்தால் சட்டம் இருக்கே என்பீர்கள். இருக்கு. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம். 2022இல் திருத்தி, உச்ச நட்டஈட்டை ஐந்தரை இலட்சத்திலிருந்து 20 இலட்சமாக ஆக்கினார்கள். நல்ல விஷயம். ஆனால் நட்டஈடு கேட்க முதலில் 'இவர்தான் என் முதலாளி' என்று ஒருத்தரைக் காட்டணும். கையெழுத்து இல்லை, சீட்டு இல்லை, போனில் 'நாளைக்கு வாங்க' என்று சொன்ன ஒரு குரல் மட்டும்தான். தோட்டம் கொந்தராத்துக்காரரைக் கைகாட்டும், அவர் 'அவன் எனக்கு உதவிக்கு வந்தவன்' என்பார். முதுகெலும்பு முறிந்து படுத்திருக்கிறவர் இதற்கிடையில் எந்த ஆபீஸ் படியை ஏறுவார்?

விழாமல் தடுக்கிற சட்டம் என்று பார்த்தால் இன்னும் வேடிக்கை. வேலைத்தளப் பாதுகாப்புக்கு நம்ம நாட்டின் முக்கியச் சட்டம் 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம். பேரிலேயே இருக்கு, அது தொழிற்சாலைக்கு. தேயிலை பெக்டரிக்குள் ரோலர் மெஷினுக்குக் காப்பு இருக்கா என்று அதிகாரி வந்து பார்க்கலாம். பெக்டரி கேட்டைத் தாண்டி மலையில் நிற்கிற மரத்துக்கு அந்தச் சட்டம் வராது. எல்லா வேலைத்தளங்களுக்கும் பொதுவான ஒரு பாதுகாப்புச் சட்டம் வேண்டும் என்று பல வருஷமாகப் பேச்சு நடக்குது. பேச்சுதான்.

மரத்துக்கு மட்டும் சட்டம் தாராளமாக இருக்கு. பலா, ஈரப்பலா, பெண் பனை வெட்ட 1951இலிருந்து அனுமதி வேண்டும். மெஷின் வாள் வைத்திருந்தால் பதிவு செய்யணும். காட்டைக் காக்க அது தேவை, அதில் எங்களுக்கு ஒரு சண்டையும் இல்லை. ஆனால் யோசித்துப் பாருங்க: வெட்டுகிற மரத்தில் நம்பர் அடிச்சிருக்கு, வெட்டுகிற மெஷினுக்குப் பதிவு இருக்கு, ஏற்றிப்போகிற லொறிக்குப் பெர்மிட் இருக்கு. இந்த மூன்றுக்கும் நடுவில் இருக்கிற மனுசன் மட்டும் எந்தக் கடதாசியிலும் இல்லை.

2023 ஒக்டோபர் 6ஆம் திகதி கொழும்பு கொள்ளுப்பிட்டியில் ஓடுகிற பஸ் மேல் மரம் விழுந்து ஐந்து பேர் இறந்தார்கள். நாடே பதறியது, வீதியோர மரங்களைப் பரிசோதிக்கணும் என்று பேசாத ஆள் இல்லை. அந்தப் பதற்றம் நியாயமானது. லயத்தின் தலைக்கு மேல் நிற்கிற மரத்துக்கு அந்த அளவு பதற்றம் ஏன் வரமாட்டேங்குது? நமக்கு மரம் ஆபத்து என்றால் ஒரு கடிதம் எழுதணும். துரைக்கு ஒன்று, கிராம உத்தியோகத்தருக்கு ஒன்று, பிரதேச செயலகத்துக்கு ஒன்று. நிலம் அரசுடையது, 1992இலிருந்து நிர்வாகம் கம்பனியுடையது, மரம் யாருடையது என்று அவங்க பேசி முடிப்பதற்குள் கச்சான் காற்று வந்துவிடும். பொறுக்க முடியாமல் லயத்து ஆட்களே சேர்ந்து நம்ம மரமேறுகிறவரைக் கூப்பிடுவாங்க. அவர் எந்த அனுமதியும் எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் ஏறுவார். நிறுவனங்கள் தள்ளிப்போட்ட ஆபத்தைக் கடைசியில் தன் உடம்பில் வாங்கிக்கொள்கிறவர் அவர்தான்.

இன்னொன்று, சொல்லக் கூச்சமான விஷயம். நாங்கள் இந்தக் கட்டுரை முழுக்க 'மரமேறுகிறவர்' என்று சுற்றி வளைத்து எழுதுகிறோம், கவனித்தீர்களா? நேரான ஒரு சொல் தமிழில் இருக்கு, 'மரமேறி'. ஆனால் அது தொழிற்பெயராக இல்லை, வசவாக இருக்கு. பனையேறிகளைச் சாதி சொல்லிக் கேவலப்படுத்த யாழ்ப்பாணத்திலும் தமிழ்நாட்டிலும் தலைமுறை தலைமுறையாகப் பாவித்த சொல். உயரத்தில் ஏறி வேலை செய்கிறவனைச் சமூகத்தில் கீழே வைத்த மொழி இது. மலையகத்தில் ஏறுகிறவர்கள் பல சாதியினர்தான், ஆனாலும் அந்தச் சொல்லின் நெடி இங்கேயும் போகவில்லை. மகன் என்ன வேலை என்று கேட்டால் 'கொழும்பில் கடையில் நிக்கிறான்' என்று சொல்கிற அம்மா, 'மரம் வெட்டுறான்' என்று குரலை இறக்கித்தான் சொல்வார். ஒரு தொழிலுக்கு மரியாதை இல்லாத இடத்தில் அதுக்கு ஹெல்மட் யார் கேட்கப்போகிறார்கள்?

எங்களோடு வாதாடுகிற நண்பர்கள் ஒரு விஷயம் சொல்வார்கள்: பெல்ட்டும் ஹெல்மட்டும் வாங்கிக் கொடுத்தாலும் அவங்களே போட மாட்டாங்க, பழகின ஆளுக்கு அது இடைஞ்சல் என்று. அதில் உண்மை இருக்கு. கயிற்றை மாற்றி மாற்றிக் கட்டி ஏறினால் ஒரு மரத்துக்கு எடுக்கிற நேரம் கூடும். மரத்துக்கு இவ்வளவு என்று காசு பேசுகிற வரைக்கும், பாதுகாப்பாக ஏறுகிறவர் அன்றைக்குக் குறைய உழைப்பார். ஆகவே பிரச்சினை அவருடைய தலைக்கனம் இல்லை, நாம் காசு கொடுக்கிற முறை. நாளுக்குச் சம்பளம், கயிறு கட்டும் நேரமும் வேலை நேரம் என்று வைத்துப் பாருங்க, பெல்ட்டைத் தானாகப் போடுவார். அவருக்கும் வீட்டில் பிள்ளை இருக்கு.

இது நடக்காத கனவும் இல்லை. கேரளாவில் தேங்காய் பறிக்க ஆள் கிடைக்காமல் போனபோது, தென்னை அபிவிருத்திச் சபை 2011இல் 'தென்னை மர நண்பர்கள்' என்று ஒரு திட்டம் தொடங்கியது. இளைஞர்களுக்குச் சில நாள் பயிற்சி, ஏறும் கருவி, காப்புறுதி. பெண்களும் சேர்ந்து ஏறினார்கள். பேரைப் பாருங்க, நண்பர்கள். தமிழ்நாட்டில் பனைமரத் தொழிலாளர்களுக்கு ஒரு நலவாரியமே இருக்கு. குறைகள் உண்டு, ஆனாலும் போய்க் கேட்க ஒரு கதவு இருக்கு. நம்ம மலையில் இந்த மரங்களை நட வைத்த துரைமார்களின் நாட்டில், உயரத்தில் வேலை செய்வதற்கான 2005ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் மரமேறுகிறவரையும் சேர்த்தே பாதுகாக்குது. அங்கே அது பரீட்சை எழுதிச் செய்கிற தொழில்.

பயிற்சி என்று நாங்கள் சொல்வது மனுசனுக்காக மட்டும் இல்லை, மரத்துக்காகவும்தான். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது பதுளை மாவட்டம் பட்ட பாட்டை யாரும் மறக்க முடியாது. 2014 மீரியபெத்தையும் நம்ம மாவட்டம்தான். ஒவ்வொரு அனர்த்தத்துக்குப் பிறகும் லயத்துக்குப் பக்கத்தில் இருக்கிற உயர்ந்த மரத்தையெல்லாம் அடியோடு எடுங்க என்று ஒரு குரல் வரும். பயம் நியாயம். ஆனால் சரிவில் நிற்கிற மரத்தை அடியோடு வெட்டினால் வேர் உள்ளே அழுகிப்போகும், சில வருஷத்தில் அந்த மேல்மண்ணைப் பிடிக்க ஒன்றும் இருக்காது. பல மரங்களுக்குத் தலைப்பாரத்தைக் குறைத்து, காய்ந்த கொப்பை இறக்கினாலே போதும். எதை வெட்டணும், எதைக் கழிக்கணும், எதைத் தொடக்கூடாது என்று மேலே ஏறிப் பார்த்துச் சொல்ல ஆள் வேணும். அந்த ஆள் நம்ம தோட்டத்திலேயே இருக்கார். கையில் கத்தி இருக்கு, கண்ணில் அனுபவம் இருக்கு. இல்லாதது ஒரு கயிறும், ஒரு சான்றிதழும், அவர் சொல்வதைக் கேட்கிற ஒரு ஆபீஸும்.

தொழிற்சங்கங்கள் சம்பளப் பேச்சுவார்த்தைக்குப் போகும்போது மரமேறுகிறவர்களையும் தனித்தொழிலாகக் கேட்கணும் என்பது எங்கள் நிலைப்பாடு: உபகரணம் கம்பனியுடையது, நாட்சம்பளம் கூடியது, கொந்தராத்தில் வந்தாலும் ஏறுகிற ஒவ்வொருத்தருடைய பேரும் ஆபீஸில் எழுதப்படணும். தொழிற்பயிற்சி நிலையங்கள் மோட்டார் சைக்கிள் திருத்தவும் கேக் செய்யவும் சான்றிதழ் கொடுக்கிற மாதிரி இதுக்கும் கொடுக்கட்டும். எல்லாம் நாளைக்கே நடக்காது என்று எங்களுக்கும் தெரியும்.

ஆனால் ஒன்றை இந்த மாதமே செய்யலாம். தோட்டங்களில் ஆபத்தான மரம் பற்றிய கடிதங்களை எழுதிக் கொடுக்கிறது பெரும்பாலும் படித்த பிள்ளைகளாகிய நாம்தான். அடுத்த தடவை எழுதும்போது 'இம்மரத்தை அகற்றித் தருமாறு' என்பதோடு நிறுத்தாமல் கீழே இன்னும் இரண்டு வரி சேர்ப்போம்: மரத்தில் ஏறப்போகிறவரின் பெயர் என்ன, அவர் விழுந்தால் பொறுப்பு யார். பிரதியொன்றைத் தொழில் திணைக்களத்தின் பதுளை அலுவலகத்துக்கும் அனுப்புவோம். பதில் வந்தாலும் வராவிட்டாலும் எங்களுக்கு எழுதுங்க, சேர்த்து வைக்கிறோம்.